கோடையில் விரியும் பந்தி: இங்கிலாந்தின் பங்கு ஆலயங்களும் பள்ளி விடுமுறைப் பசியும்

இங்கிலாந்தில் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூலை மாத இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் முதல் வாரம்வரை ஏறத்தாழ ஆறு வாரம் நீள்கிறது. அதே ஆறு வாரங்களில் பங்கு ஆலயங்களின் வாழ்க்கையும் தளர்ந்துவிடுகிறது. பாடகர் குழுவுக்கு ஓய்வு. ஞாயிறு பள்ளிக்கு விடுமுறை. பங்கு மன்றம் பெரும்பாலும் ஆகஸ்டில் கூடுவதில்லை. ஆனால் பள்ளியில் இலவச மதிய உணவு உண்ணும் பிள்ளைகளின் வீடுகளில் ஆண்டிலேயே நெருக்கடியான வாரங்கள் இவைதாம். ஒரு நாளில் நிச்சயமாகக் கிடைத்துவந்த ஒரு வேளைச் சாப்பாடு நின்றுபோகிறது. அந்தச் செலவு முழுவதும் வீட்டின் தலையில் விழுகிறது.

ஆலயம் ஓய்வெடுப்பதும் அடுத்த தெருவில் அடுப்பு தடுமாறுவதும் ஒரே எல்லைக்குள் நிகழ்கின்றன. இந்த இடைவெளியை அங்குள்ள பங்குகள் எப்படிக் கையாண்டு வந்திருக்கின்றன என்பதைச் சுமார் ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. கொண்டாட்டமும் உதவியும் ஒரே பந்தியில் இருந்த காலத்தில் ஏழை தலைநிமிர்ந்து உண்டார். அவை பிரிந்தபோது கொடுப்பவர், வாங்குபவர் என்று ஊர் இரண்டானது. இன்று நன்றாக நடக்கும் கோடைப் பணிகள் எல்லாம், அறிந்தோ அறியாமலோ, அந்தப் பழைய பந்தியைத் திரும்ப விரிக்கும் முயற்சிகளே.

எல்லைக்குள் இருப்பவர் எல்லாரும்

பங்கு என்பது நிலத்தின்மீது வரையப்பட்ட எல்லை. இங்கிலாந்துத் திருச்சபையில் இன்று ஏறத்தாழ 16,000 ஆலயங்கள் இருக்கின்றன. நாட்டின் ஒவ்வொரு தெருவும் ஏதேனும் ஒரு பங்கின் எல்லைக்குள் வருகிறது. அந்த எல்லைக்குள் குடியிருப்பவர் ஞாயிறு வழிபாட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும், பங்கு ஆலயத்தில் மணம் செய்துகொள்ளவும், இடமிருந்தால் அதன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. பங்குக்குருவின் பொறுப்பும் உறுப்பினர் பட்டியலோடு முடிந்துவிடுவதில்லை. எல்லைக்குள் வாழும் எல்லா உயிர்களையும் அது தழுவியது.

இந்த எல்லையை ஊரார் காலால் நடந்தே மனத்தில் பதித்துக்கொண்டார்கள். இயேசு விண்ணேறிய பெருவிழாவை ஒட்டி, மே மாத அளவில், குருவும் மக்களும் சிறுவர்களும் எல்லைக் கற்கள்வரை நடந்துபோய் அவற்றைக் கோலால் தட்டும் சடங்கு இன்றும் சில இடங்களில் தொடர்கிறது. லண்டன் கோபுரத்துக்கு அருகிலுள்ள ஆல் ஹாலோஸ் ஆலயத்தின் தெற்கெல்லை தேம்ஸ் நதியின் நடுவில் இருப்பதால், அங்கே படகேறிப் போய் நீரைத் தட்டுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் புனித மைக்கேல் ஆலயத்து எல்லைக்கல் ஒன்று இப்போது மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைக்குள் இருக்கிறது. ஊர்வலம் அந்தக் கடைக்குள்ளும் நுழைகிறது.

வேடிக்கையாகத் தோன்றும் இந்த வழக்கத்துக்குள் கடினமான ஒரு கேள்வி இருந்தது. யாருடைய துன்பத்துக்கு இந்த ஊர் பொறுப்பு? யாருக்கு இல்லை? கோடைப் பணி என்ற பேச்சே இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

பெந்தெகொஸ்தே விருந்து

பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் தெற்கு, தென்மேற்குப் பகுதிப் பங்குகளுக்கு முக்கிய வருமானம் ‘சர்ச் ஏல்’ என்ற விருந்திலிருந்து வந்தது. ஏல் என்பது வாற்கோதுமையில் காய்ச்சிய மது. பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி, கோடை தொடங்கும் வேளையில், பங்கின் காப்பாளர்கள் வீடுவீடாகத் தானியம் திரட்டி மது காய்ச்சி, அப்பமும் இறைச்சியும் சமைத்து ஊருக்கே விருந்து வைப்பார்கள். வருகிறவர்கள் காசு கொடுத்துக் குடிப்பார்கள், உண்பார்கள். வில்வித்தை, நடனம், ராபின் ஹுட் நாடகம் எல்லாம் நடக்கும். மிச்சப்பட்ட பணம் கூரைக்கும் மணிக்கும் மெழுகுவர்த்திக்கும் போகும்.

கார்ன்வால் பகுதியைப் பற்றி 1602இல் நூல் வெளியிட்ட ரிச்சர்ட் கேர்யூ இதன் நடைமுறையைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்டுதோறும் இரண்டு இளைஞர்கள் காப்பாளர்களாகத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். அவர்கள் பங்கு மக்களிடம் பொருள் திரட்டி விருந்தை நடத்துவார்கள். பக்கத்துப் பங்கினர் வந்து கலந்துகொண்டு செலவழிப்பார்கள். அவர்கள் விருந்து வைக்கும்போது இவர்கள் போவார்கள். இதே முறையில், நொடித்துப்போன ஒரு தனிமனிதருக்காக அக்கம்பக்கத்தார் கூடிக் குடித்து, விலைக்கு மேலே காசு வைத்துவிட்டுப் போகும் ‘உதவி ஏல்’களும் இருந்தன. இவற்றை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட், ஏழைகள் ஏழைகளுக்கே செய்துகொண்ட உதவியாக இவற்றைக் காண்கிறார். ஆடி மாதத்தில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் நடக்கும் மொய் விருந்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் உள்ளியக்கம் உடனே பிடிபடும். இன்று இலையில் உட்கார்ந்து மொய் எழுதுபவர் நாளை விருந்து வைப்பவர். உதவி கைமாறுகிறது, ஆனால் யாரும் கையேந்துவதில்லை.

எக்ஸ்மூர் மேட்டு நிலத்தின் ஓரத்தில் உள்ள மோர்பாத் என்ற சிற்றூரின் கணக்கேடு இந்த வாழ்க்கையை நெருக்கமாகக் காட்டுகிறது. 1520 முதல் 1574 வரை அங்கே குருவாயிருந்த கிறிஸ்டோபர் ட்ரைக்கே, பங்கின் வரவுசெலவை எழுதி மக்கள் முன்னால் உரக்க வாசித்துக் காட்டினார். அந்த ஏடுகளை வைத்து ஈமன் டஃபி 2001இல் மோர்பாத்தின் வரலாற்றை எழுதினார். ஊரில் இருந்தவை முப்பது சொச்சம் குடும்பங்கள். இளைஞருக்கு ஒரு நிதி, கன்னிப்பெண்களுக்கு ஒரு நிதி, புனிதர்களின் பெயரால் சில நிதிகள். சில நிதிகளுக்குச் சொந்தமான ஆடுகள் வீடுவீடாகப் பிரித்து வளர்க்கப்பட்டன. இளைஞர்களும் தலைமைக் காப்பாளர்களும் நடத்திய விருந்துகள் ஆலய வருமானத்தின் தூண்களாக இருந்தன. ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏதேனும் ஒரு பொறுப்பு இருந்தது.

வில்ட்ஷயரைச் சேர்ந்த ஜான் ஆப்ரே பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய குறிப்பு ஒன்று நம் ஆய்வுக்கு முக்கியமானது. தன் பாட்டனார் காலத்தில் ஏழைகளுக்கென்று வரியே கிடையாது என்றும், பெந்தெகொஸ்தே விருந்தே அந்த வேலையைச் செய்துவிட்டது என்றும் அவர் சொல்கிறார். ஒவ்வொரு பங்கிலும் விருந்துக்கென ஓர் ஆலய வீடு இருந்ததையும், அதில் சமையல் பாத்திரங்கள் வைத்திருந்ததையும் குறிப்பிடுகிறார். முதியவரின் ஏக்கம் இதில் கலந்திருக்கலாம். ஆனால் ஆலய வீடுகள் உண்மையில் இருந்தன. டெவன் மாவட்டத்தின் ஹார்பர்ட்டன், ராட்டரி போன்ற ஊர்களில் அவற்றின் பெயர் மதுக்கடைப் பெயராக இன்றும் நிற்கிறது.

விருந்தும் வரியும் பிரிந்தன

எட்டாம் ஹென்றியும் அவர் மகன் ஆறாம் எட்வர்டும் கொண்டுவந்த சமயச் சீர்திருத்தம் இந்த அமைப்பின் அடித்தளத்தை அசைத்தது. புனிதர்களின் நிதிகள் கலைக்கப்பட்டன. மோர்பாத்தின் ஆலய ஆடுகள் விற்கப்பட்டன. பின்னர் தூய்மைவாதிகள் விருந்தையே குறிவைத்தார்கள். கடவுளின் பெயரால் குடித்துக் கூத்தாடுவது பாவம் என்று பிலிப் ஸ்டப்ஸ் 1583இல் வெளியிட்ட நூலில் சாடினார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. குடியும் சண்டையும் அந்த விருந்துகளில் இருக்கத்தான் செய்தன.

அரசர்கள் மறுபக்கம் நின்றார்கள். முதலாம் ஜேம்ஸ் 1618இல் நாடு முழுமைக்கும் வெளியிட்ட விளையாட்டுப் பிரகடனம், ஞாயிறு வழிபாடு முடிந்தபின் பெந்தெகொஸ்தே விருந்துக்கும் நடனத்துக்கும் இடம் கொடுத்தது. 1633இல் முதலாம் சார்லஸ் அதை மறுபடி வெளியிட்டார். அதே ஆண்டில் சாமர்செட் பகுதியில் விருந்துகளை நீதிபதிகள் தடுத்த வழக்கு வெடித்தபோது, பேராயர் லாடின் கட்டளைப்படி ஆயர் வில்லியம் பியர்ஸ் 72 குருக்களிடம் கருத்துக் கேட்டார். ஊர்ப்பகை தீரவும் ஏழைக்கு உதவி சேரவும் விருந்துகள் பயன்படுகின்றன என்ற தொனியில் பதில்கள் வந்தன. ஆனால் காலம் தூய்மைவாதிகள் பக்கம் திரும்பியது. 1643இல் நாடாளுமன்றம் அந்தப் பிரகடனத்தைத் தீயிட்டுக் கொளுத்த ஆணையிட்டது.

இதற்கிடையே ஏழைகளின் பொறுப்பு வேறு கைக்குப் போயிருந்தது. 1601ஆம் ஆண்டு வறியோர் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் கண்காணிப்பாளர்களை நியமித்து, சொத்துள்ளவர்களிடம் கட்டாய வரி வாங்கி, இயலாதவர்களுக்குக் கொடுக்கச் சொன்னது. இது பெரிய முன்னேற்றம். உதவி என்பது மனமிருந்தால் செய்வது என்ற நிலை மாறி, சட்டப்படியான கடமையானது. இதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அதே சட்டம் எல்லையைச் சுவராகவும் ஆக்கியது. 1662ஆம் ஆண்டுக் குடியமர்வுச் சட்டத்துக்குப் பின், வெளியூர் ஏழை தன் பங்கின் செலவில் விழுந்துவிடுவாரோ என்று அஞ்சி, கர்ப்பிணிப் பெண்களைக்கூட எல்லைக்கு அப்பால் துரத்திய கொடுமை நடந்தது. 1834ஆம் ஆண்டின் புதிய சட்டம் பங்குகளை ஒன்றியங்களாக்கி, உதவி வேண்டுவோரைப் பணி இல்லங்களுக்குள் அனுப்பியது. ஒன்றாக உட்கார்ந்து உண்டவர்களின் சந்ததியில் ஒருவர் வரி கட்டுபவராகவும் இன்னொருவர் விசாரிக்கப்படுபவராகவும் ஆனார்கள்.

வைட்சாப்பல் பிள்ளைகளின் கோடை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழில் நகரங்கள் பெருகியபோது பங்குகளின் கோடை வேறு உருவம் எடுத்தது. இப்போது நடுவில் நின்றவர்கள் பிள்ளைகள். மான்செஸ்டரில் 1801 முதல் ஞாயிறு பள்ளிச் சிறுவர்கள் பெந்தெகொஸ்தே வாரத்தில் வெள்ளுடை அணிந்து ஊர்வலம் போனார்கள். ரயில் வந்தபின் கடற்கரைக்கும் வயல்வெளிக்கும் ஒருநாள் பயணங்கள் ஞாயிறு பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சியாயின.

இவற்றுள் ஆழமாகச் சென்ற முயற்சி கிழக்கு லண்டனிலிருந்து வந்தது. வைட்சாப்பலின் புனித யூதா ஆலயத்துக்கு 1873இல் குருவாக வந்த சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும், நெருக்கமான சந்துகளில் நோஞ்சான்களாக வளர்ந்த பிள்ளைகளை 1877இல் கிராமத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அந்தப் பணி 1884இல் சிறுவர் கிராம விடுமுறை நிதியாக அமைப்புப் பெற்றது. விடுதி கட்டிப் பிள்ளைகளை அடைப்பதற்குப் பதிலாக, கிராமத்துச் சாதாரண வீடுகளில் சிறு தொகை கொடுத்துத் தங்கவைத்தார்கள். நகரத்துப் பிள்ளை ஒரு குடும்பத்தின் மேசையில் உட்கார்ந்து உண்டது. காலப்போக்கில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பிள்ளைகள் இப்படிப் போனார்கள். கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவு நிலவிய காலத்திலும், அதைக் கடக்கும் வழி வீட்டுச் சாப்பாட்டில் இருப்பதை அந்தத் தம்பதியர் கண்டுகொண்டார்கள்.

பிராட்ஃபோர்டின் எடைக்கணக்கு

விடுமுறைப் பசி என்ற பிரச்சினையை எடைபோட்டுக் காட்டியது பிராட்ஃபோர்டு நகரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க உள்ளாட்சிகளுக்கு அனுமதி தந்த சட்டம் 1906இல் வந்தது. அடுத்த ஆண்டு, அந்நகரப் பள்ளி மருத்துவ அதிகாரி ரால்ஃப் கிரௌலி சுமார் 40 பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் உணவு கொடுத்து எடையைக் குறித்துவந்தார். உணவு கிடைத்த வாரங்களில் எடை ஏறியது. பெந்தெகொஸ்தே விடுமுறை வாரத்தில் உணவு நின்றதும் எடை இறங்கியது. ஒரு காலத்தில் ஊருக்கே விருந்து வைத்த அதே வாரம், தொழில் நகரத்துப் பிள்ளைகளின் உடல் மெலியும் வாரமாகியிருந்தது. 1914ஆம் ஆண்டுச் சட்டம் விடுமுறை நாட்களிலும் உணவளிக்க உள்ளாட்சிகளுக்கு இடம் தந்தது. ஆக, இந்தப் பசி நூறாண்டுக்கு முன்பே அறியப்பட்டது. அதற்கு மருந்தும் அப்போதே சட்டத்தில் எழுதப்பட்டது.

அந்த நினைவு பிறகு மங்கியது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளி உணவைக் கடமையாக்கியது. 1980இல் அந்தக் கடமை பெருமளவு தளர்த்தப்பட்டது. 2017இல் பசி குறித்த அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழு, விடுமுறையில் சுமார் 30 லட்சம் பிள்ளைகள் பசிக்கும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்று அறிவித்தது. அவர்களில் ஏறத்தாழ 20 லட்சம் பேர், பெற்றோர் வேலைக்குப் போயும் வருமானம் போதாத வீட்டுப் பிள்ளைகள். 2020 ஜூனில் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு எழுப்பிய குரலுக்குப் பின் அரசு தன் முடிவை மாற்றி, அந்தக் கோடைக்கு உணவுச் சீட்டு வழங்கியது. 2021 முதல் ‘விடுமுறைச் செயல்பாடுகளும் உணவும்’ என்ற அரசுத் திட்டம் இங்கிலாந்து முழுவதும் நடக்கிறது. கோடையில் நான்கு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு நான்கு மணிநேரம் என்பது அதன் அடிப்படை அளவு. ஆறு வார விடுமுறையில் இரண்டு வாரமும், நான்கு வாரத்திலும் மற்ற நாட்களும் எஞ்சி நிற்கின்றன.

இன்றைய கோடையில் ஆலயம்

அந்த எஞ்சிய நாட்களில்தான் பங்குகளின் வேலை இருக்கிறது. அதற்கான கருவிகள் அவற்றிடம் உண்டு. பெரும்பாலான பங்குகளில் ஒரு கூடம், ஒரு சமையலறை, தேநீர்க் கொதிகலன், அடுக்கிவைத்த நாற்காலிகள், ஊரை அறிந்த சில முதியவர்கள் இருக்கிறார்கள். 2010 வாக்கில் தொடங்கிய ‘மேக் லஞ்ச்’ என்ற பணி, விடுமுறையில் ஆலயச் சமையலறைகளைத் திறந்து பிள்ளைகளுக்குச் சூடான மதிய உணவு கொடுக்க வழிகாட்டியது. பின்னர் அது டிஎல்ஜி என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தோடு இணைந்தது. 2004இல் போர்ட்ஸ்மவுத் அருகே கௌப்ளேன் பங்கில் பிறந்த ‘மெஸ்ஸி சர்ச்’ என்ற வழிபாட்டு முறையில், குடும்பம் முழுவதும் கைவேலை செய்து, சிறிது நேரம் வழிபட்டு, கடைசியில் சேர்ந்து சாப்பிடுகிறது. பல நாடுகளுக்குப் பரவிய இந்த முறையில் சாப்பாடு வழிபாட்டின் ஒரு பகுதி.

நன்றாக நடக்கும் கூடங்களில் சில பொதுக்கூறுகள் தென்படும். வாசலில் வருமானச் சான்று கேட்பதில்லை. தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் விளையாட வருகிறார்கள். சாப்பாட்டு வேளை வந்ததும் எல்லாரும் உட்காருகிறார்கள். யார் பசித்து வந்தவர் என்று யாருக்கும் தெரிவதில்லை. அம்மாவும் தம்பியும் உடன் அமர்கிறார்கள். தொண்டர்கள் பரிமாறிவிட்டு நின்று பார்ப்பதில்லை. அதே மேசையில் உண்கிறார்கள். போன ஆண்டு உண்ட குடும்பத்துப் பெண் இந்த ஆண்டு காய் நறுக்குகிறார். மோர்பாத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொறுப்பு இருந்ததன் காரணத்தை இங்கே கண்ணால் காணலாம்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடையும் ஓடுகிறது. ஜூன், ஜூலைச் சனிக்கிழமைகளில் குருமனைப் புல்வெளியில் நடக்கும் ஆலய விற்பனை விழா அது. கேக், பழைய புத்தகம், செடித்தொட்டி, குலுக்கல் சீட்டு, தேங்காயைப் பந்தால் வீழ்த்தும் விளையாட்டு எல்லாம் உண்டு. அதன் வருமானம் பெரும்பாலும் கூரைக்கும் பழுதுக்கும் போகிறது. பழமையான கட்டடங்களைக் காக்கும் சுமை சிறிய சபைகளின் தோளில் கிடப்பதால் அது தவிர்க்க முடியாததுதான். ஆனாலும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பழைய விருந்து கூரையையும் ஊரையும் ஒரே நாளில் கவனித்தது. இன்று கூரைக்கு ஒரு விழாவும், ஏழைக்கு வேறொரு கிழமையில் வேறொரு வாசலும் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் வருகிற முகங்கள் பெரும்பாலும் வேறுவேறு. பங்கு மன்றங்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

மூன்று கேள்விகள்

இந்தப் பணியை எதிர்த்து எழும் கேள்விகளைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதலாவது, சோற்றைக் காட்டி மதம் சேர்ப்பதா என்பது. நியாயமான கேள்வி. பங்கின் பொறுப்பு எல்லைக்குள் வாழும் எல்லாருக்குமானது என்றால், உணவுக்கு விலையாகச் செபத்தைக் கேட்பது அந்தப் பொறுப்பையே மறுப்பதாகும். முஸ்லிம் பிள்ளைக்கு ஹலால் உணவு இருக்க வேண்டும். வழிபாடு விரும்பாத குடும்பம் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போக வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. திருச்சபைக்குள் சிறுவர்களுக்கு நேர்ந்த கொடுமைகளையும் அவற்றை மூடிமறைத்த தலைமையையும் அரசின் விசாரணை ஆணையம் 2020ஆம் ஆண்டு அறிக்கையில் கடுமையாகக் கண்டித்தது. 2024 நவம்பரில் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி இதே பிரச்சினையில் பதவி விலகல் அறிவித்தார். தொண்டர் ஒவ்வொருவரின் பின்னணியையும் சோதிப்பது, எந்தப் பெரியவரும் தனியாகப் பிள்ளையோடு இருக்காதபடி பார்ப்பது, புகார் வந்தால் அன்றே வெளியே தெரிவிப்பது ஆகியவை இல்லாத கூடம் திறக்கவே கூடாது.

மூன்றாவது, ஆலயங்கள் சோறு போடப்போட அரசு கையைக் கழுவிக்கொள்ளாதா என்பது. பேராயர் ராபர்ட் ரன்சி அமைத்த ஆணையம் 1985இல் வெளியிட்ட ‘நகரத்தில் விசுவாசம்’ என்ற அறிக்கையில் வழி காட்டியிருக்கிறது. அது நகர்ப்புற ஏழைப் பங்குகளுக்காகத் திருச்சபை தன் பணத்தை ஒதுக்க வேண்டும் என்றது. அதே மூச்சில் அரசின் கொள்கைகளையும் கேள்வி கேட்டது. உணவு பரிமாறுகிறவர்களுக்கே பசியின் காரணம் நேரடியாகத் தெரியும். அதை ஆட்சியாளரிடம் சொல்லாமல் பரிமாற மட்டும் செய்தால் வேலை பாதியில் நிற்கிறது. வறியோர் சட்டம் தந்த பாடமும் இதுவே: உரிமை சட்டத்திலிருந்து வர வேண்டும், தோழமை பந்தியிலிருந்து வர வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

நமக்குரிய பாடம்

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த மரபுகளுள் ஆங்கிலிக்க மரபும் ஒன்று. திருநெல்வேலிப் பகுதிச் சேகரங்கள் பலவும் அந்த மரபின் மிஷனெரிகள் அமைத்த சபைகளிலிருந்து வளர்ந்தவை. எல்லைக்குள் இருப்பவர் எல்லாரும் நம் பொறுப்பு என்ற எண்ணம் அவற்றுக்குப் புதிதல்ல. நம்மூர்ச் சபைகள் மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளியைப் பாட்டும் கதையும் மனப்பாட வசனமுமாக உற்சாகத்தோடு நடத்துகின்றன. அதே மே மாதத்தில் பள்ளி மூடியிருப்பதால் சத்துணவுக் கூடத்தின் அடுப்பும் அணைந்திருக்கிறது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஆணையிட்டதே, விடுமுறைப் பசி நம் நாட்டிலும் உண்மை என்பதற்குச் சான்று.

ஆகவே சபை மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோடைக்கான திட்டத்தை எழுதும்போது, பாட்டுப் புத்தகத்துக்கும் பரிசுக்கும் ஒதுக்கும் தொகைக்குப் பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். சபையின் பிள்ளைகளோடு தெருவின் பிள்ளைகளையும் அழையுங்கள். சமைக்கவும் பரிமாறவும் அந்தப் பிள்ளைகளின் தாய்மாரையே பொறுப்பில் அமர்த்துங்கள். நீங்களும் அதே பந்தியில் உட்காருங்கள்.